வேலு சார் லீவு தரவில்லை

1

எங்கள் அலுவலகத்தில் வேலு என்று யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரை நலம் விசாரித்திருக்கிறார்கள். மீதிப் பேர் போன வருஷம் மண்ணை வாரித் தூற்றாத குறையாக அவரைத் திட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் அந்த மனுஷர் பொறுப்பில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரத்தில். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பார்க்கிற வேலைக்குப் பெயர் வேல்யூ இன்ஜினியரிங். ஊரில் யாராவது கேட்டால் 'கட்டடத்தில் செலவைக் குறைக்கிற வேலை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அது பாதி உண்மைதான். ஒரு பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கட்ட வரைபடம் தயாரானதும், கட்டச் சொன்னவர், வரைந்தவர், கட்டப் போகிறவர், நாளைக்கு அதில் புழங்கப் போகிறவர் எல்லாரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்போம். கட்டடத்தில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, 'இது என்ன செய்கிறது?' என்று கேட்போம். பதில் இரண்டே சொல்லில் வர வேண்டும். தூண் பாரம் தாங்கும். கூரை மழை தடுக்கும். ஜன்னல் வெளிச்சம் விடும். இரண்டு சொல்லில் சொல்ல வரவில்லை என்றால் அந்தப் பொருளை நமக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அடுத்த கேள்வி: அதே வேலையை வேறு எது செய்யும்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கத்தரிக்கோலோடுதான் வருகிறார்கள். நானும் எத்தனையோ நாள் அந்தக் கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு தொடக்கப் பள்ளிக்கான கூட்டம். வாசல் கேட்டை ஒட்டி நீளமாக ஒரு கூரை வரைந்திருந்தார்கள். பள்ளி விடும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய் தகப்பன் அதன் கீழே நிற்கலாம். பலகையில் அதன் பயனை 'மழை தடுக்கும்' என்று எழுதினார்கள். மழையைக் குடையும் தடுக்கும் என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். கூரை போயிற்று. இந்த ஊரில் எப்போது பார்த்தாலும் நசநசவென்று தூறிக்கொண்டிருக்கும். என் மகன் கதிர் சின்னவனாக இருந்தபோது அப்படி ஒரு கேட்டில் ஒரு கூரைக்குக் கீழே நின்றுதான் இந்த நாட்டுப் பெண்கள் சிலரோடு பேசிப் பழகினேன். இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மேசையில் கிடந்த என் போன் அதிர்ந்தது. தம்பி சங்கர். எழுந்து வெளியே போய் எடுத்தேன்.

"எக்கா, அம்மாவுக்கு வருசத் திதி வருதுல்ல. நீ வாரியா, எப்படி? ஐயர்ட்ட சொல்லணும்."

"மீட்டிங்ல இருக்கேன்டா. பொறவு கூப்பிடுறேன்."

"சரி சரி," என்றவன் போனை வைக்கவில்லை. பிறகு, "வர முடியலைன்னாலும் ஒண்ணுமில்லக்கா. வேலு சார் லீவு தரலைன்னு சொல்லிக்கிடுறேன்," என்றான்.

கேலியாகச் சொன்னானா, மனசாரச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்தில் எதையெல்லாம் வெட்டினார்கள் என்று ஞாபகமில்லை.

2

வேலு பிறந்தது ஒரு டெலிபோன் கார்டில்.

வந்த புதிதில் ஒரு கடையில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு அட்டைப்பெட்டி அடுக்குவதை வீட்டில் சொல்லவில்லை. கட்டுமானக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் ஓடிப்போய்க் கார்டு வாங்கி, தெருமுனை பூத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அந்தக் கார்டுகளில் பேசினால் அடுத்த பக்கத்துக் குரல் கிணற்றுக்குள் இருந்து கேட்கும்.

"அம்மா, வேலை கெடைச்சிருச்சும்மா. வேல்யூ இன்ஜினியரிங்."

"யாரு, வேலு இன்ஜினியரா? அவர்ட்டயா வேலை?"

"இல்லம்மா, வேல்யூ..."

"வேலுன்னா நம்ம பக்கத்து ஆளாத்தான இருப்பாரு. எந்த ஊராம்? கேட்டியா?"

கார்டில் ஒரு நிமிஷம்தான் பாக்கி என்று நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் வந்தது. ஒரு நிமிஷத்தில் எதை விளக்குவது? "ஆமாம்மா, நம்ம பக்கந்தான்," என்றேன்.

"அப்பாடி. இனி எனக்குப் பயமில்ல," என்றாள் அம்மா. கார்டு தீர்ந்தது.

அடுத்த தடவை திருத்தலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். மல்லிகாவுக்கு அங்கன வேலு சார்னு ஒருத்தரு இருக்காராம், தங்கமான மனுஷனாம். வேல்யூ என்றால் அவளுக்கு ஒன்றும் விளங்காது. கண்காணாத தேசத்தில் மகளுக்கு மேலே பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருக்கிறார் என்றால் அவளுக்குத் தூக்கம் வரும். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் நூல் மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங் பார்த்தவள். அப்பாவும் அதே மில். எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஷிப்டுக்குப் போகிற ஆள் உண்டு. அதனால் எல்லா வீட்டுப் பேச்சிலும் லீவு கொடுக்கிற மேஸ்திரியும் உண்டு. தேவதானத்தில் பெரியம்மா பேத்திக்குக் காது குத்து, கட்டிக்கொண்டு போக நல்ல சேலை இல்லையா? மேஸ்திரி லீவு தரலை. சொந்தக்காரர் ஒருவரோடு மனத்தாங்கல், கல்யாணத்துக்குப் போகப் பிடிக்கவில்லையா? மேஸ்திரி விடலை. அந்த நேரத்தில் மேஸ்திரி டீக்கடையில் வடை தின்றுகொண்டு நிற்பார். கேட்கிறவர்கள் நம்பவும் மாட்டார்கள், மறுக்கவும் மாட்டார்கள். "விடலையாம்ல, பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவார்கள். அவர் செய்யாத பாவத்துக்கு எங்கள் தெருவில் அவ்வளவு ஏச்சு வாங்கியிருக்கிறார்.

3

ஒரு ஆள் இருக்கிறார் என்று ஆகிவிட்டால் அவருக்குக் குடும்பம் வேண்டாமா? "வேலு சாருக்கு எத்தன பிள்ளைக?" என்று ஒரு நாள் கேட்டாள். இரண்டு என்றேன். "பொம்பளப் பிள்ளையக் கட்டிக் குடுத்தாச்சா?" இல்லை, படிக்கிறது என்றேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் திருநெல்வேலிக்காரர், எங்கள் அம்மாவுக்கு ஒரே மாப்பிள்ளை. "எங்க அத்தைக்கு என்னைவிட வேலு மேலதான் மதிப்பு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பெட்டியில் இரண்டு பார்சல் இருக்கும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வேலு சாருக்கு. முதலில் பால்கோவாதான். அம்மாவே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தேரடிப் பக்கம் தனக்குப் பழக்கமான கடையில் நின்று சூடாக வாங்கி வருவாள். பால் சாமான் கொண்டுவந்தால் இங்கே ஏர்போர்ட்டில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். "அப்பிடியா? சரி, அப்ப சாத்தூர் காராச்சேவு," என்றாள் அசராமல். அதே வேலையை வேறு எது செய்யும் என்ற கேள்விக்கு அவ்வளவு வேகமாகப் பதில் சொன்ன ஆளை நான் எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை.

வேலு சார் பார்சலுக்கு மட்டும் ஒரு கண்டிப்பு உண்டு. "இத வீட்டுல பிரிக்காத. நேரா ஆபீசுக்குக் கொண்டு போயிரு." நானும் ஆபீசுக்குத்தான் கொண்டுபோவேன். பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு தடவை நீட்டினேன், காரம் தாங்காமல் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு டிராயரில் வைத்துக்கொண்டு நானே தின்பேன். குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் இந்த ஊரில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வேன். மிளகு தொண்டையில் இறங்கும்போது ஊரில் இருக்கிற மாதிரி இருக்கும்.

இங்கே எனக்குப் பெயர் சுப்பையா. மல்லிகா என்பது என் பெயர், சுப்பையா அப்பாவின் பெயர் என்று வந்த புதிதில் சொல்லிப் பார்த்தேன். இனிஷியல் என்ற விஷயத்தை இந்த ஊர்க்காரர்களுக்குப் புரிய வைக்க என்னால் முடியவில்லை. டாக்டரிடம் போய்க் காத்திருக்கும்போது "சுபாயா" என்று கூப்பிடுவார்கள். எங்கள் அப்பா காலமான பிறகும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் எழுந்து போவேன்.

கதிர் பிறந்து வளர்ந்தது இங்கே. தமிழ் புரியும், பேசத்தான் கொஞ்சம் திணறுவான். இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் கொட்டுவான். ஒரு தடவை போனில் ரொம்பப் பாசமாக, "அம்மாச்சி, நான் உங்களைத் தவறுறேன்," என்றான்.

அம்மா பதறிவிட்டாள். "ஏட்டி மல்லிகா, பிள்ள என்ன தப்புப் பண்ணுனான்? அடிச்சிராத."

இல்லம்மா, உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லையாம் என்று விளக்கினேன். "அட கூறே," என்று சிரித்தாள். "அம்மாச்சியத் தேடுதுன்னு சொல்லணும்யா. எங்க, சொல்லு." அவன் சொன்னான். இரண்டு மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

4

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் கல்யாணங்கள் சுளுவாக முடிந்தன. வீடுதான் எல்லாரையும் படுத்தியது.

அப்பா போன பிறகு, பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டலாம் என்று சங்கர் ஆரம்பித்தான். அவன் பேண்டேஜ் துணி வியாபாரம் பார்க்கிறான். அம்மா இருந்தது அவனோடுதான். காண்ட்ராக்டர் போட்ட பிளானை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். "எக்கா, கைய மீறிப் போகுது. நீதான இந்த வேலைல இருக்க, எதக் கொறைக்கலாம்னு பாத்துச் சொல்லு."

எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். உட்கார்ந்து பார்த்தேன். முகப்பில் அரண்மனை மாதிரி வளைவுகள், இரண்டு உருண்டைத் தூண்கள். தூண் எதையும் தாங்கவில்லை, சும்மா நின்றது. எடுத்துவிடு என்றேன். கீழே பாத்ரூம் ஒரு மூலையில், மேலே பாத்ரூம் எதிர் மூலையில் இருந்தது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்தால் ஒரே குழாயில் முடிந்துவிடும் என்றேன். அஸ்திவாரத்தில் மட்டும் கை வைக்காதே, அடியில் கரிசல் கலந்த மண், வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும் என்றேன். அவன் எல்லாவற்றுக்கும் உம் கொட்டிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"அந்த மாடி ரூமு?"

மாடியில் ஒரே ஓர் அறை, அதை ஒட்டிக் குளியலறை. நாங்கள் வந்தால் தங்குவதற்காக அம்மா சேர்க்கச் சொன்னது. பேரன் குத்த வைத்து உட்கார மாட்டான், வெஸ்டர்ன்தான் வைக்க வேண்டும் என்று காண்ட்ராக்டரிடம் அவளே பேசியிருக்கிறாள்.

"நீ வாரதே ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்க," என்றான் சங்கர். "அந்த ஒரு ரூமுக்காகப் படி, தண்ணிக் குழாய், ஒயரிங் எல்லாம் மேல போகுது. பூட்டித்தான் கெடக்கப் போகுது. நான் சொன்னா அம்மா சண்டைக்கு வருது. நீயே சொல்லிருக்கா."

அவன் சொன்னது நியாயம். வேறு யார் வீடாகவாவது இருந்தால் முதலில் நான் எடுத்திருப்பது அந்த அறையைத்தான். பயன் என்ன? ஆள் தங்கும். அதை ஹாலில் விரித்த ஒரு பாயும் செய்யும், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜும் செய்யும். ஆனால் அது என் அறை. பிறந்த ஊரில் எனக்கென்று நாலு சுவர் இருக்குமா, இருக்காதா என்பதை என் வாயாலேயே சொல்லச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வேண்டும் என்று சொல்லவும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அம்மாவைக் கிட்டே இருந்து பார்த்துக்கொள்கிறவன் அவன்.

அம்மாதான் வழி செய்தாள். சங்கர் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "ஏட்டி, நீயும் பேச வேண்டாம், அவனும் பேச வேண்டாம். வேலு சார்ட்ட கேளு. அவரு வேண்டாம்னுட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்றாள்.

மறுநாள் கூப்பிட்டேன். "கேட்டேன்மா. மாடி ரூமு கண்டிப்பா இருக்கணும்னுட்டாரு."

"பாத்தியாடா?" அவள் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "எம்புட்டுப் பெரிய இன்ஜினியரு, அவரே சொல்லிட்டாரு. இனி யாரும் பேசப்படாது."

கொஞ்ச நேரம் கழித்துச் சங்கர் வாசலுக்கு வந்து தனியாகக் கூப்பிட்டான். "எக்கா, நெசமாச் சொல்லு. யாருக்கா அந்த வேலு?"

சொன்னேன். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. அம்மாவிடம் சொல்லிவிடாதே என்றேன். "சே, சொல்லுவேனா?" என்றான். மாடிச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அறை எழும்பியது. அதற்குப் பிறகு இரண்டே தடவைதான் போய்த் தங்கினேன். ஜன்னலைத் திறந்தால் சஞ்சீவி மலை தெரியும். பூட்டிக் கிடக்கும் என்று சங்கர் சொன்னது மட்டும் நடக்கவில்லை. அம்மா முழங்கால் வலியோடு படியேறிப் போய் தினமும் அந்த அறையைப் பெருக்கினாள். யாருமே இல்லாத அறையை எதற்குப் பெருக்குகிறாய் என்று கேட்டால், "தூசி ஆளப் பாத்தா வருது?" என்பாள்.

5

போன வருஷம் அம்மா படுத்துவிட்டாள். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. கிளம்பி வா என்று சங்கர் நேரடியாகச் சொல்லவில்லை, "முடிஞ்சா வந்துட்டுப் போ" என்றான். அவன் அப்படிச் சொன்னதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்குச் சில மாசம் முன்னால்தான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தேன். கதிரின் படிப்புக்கு, வேலைக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். அதுவரை இந்திய பாஸ்போர்ட்டில் வந்து போய்க்கொண்டிருந்தவளுக்கு இப்போது ஊருக்குப் போக விசா வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் நான் சுப்பையா மல்லிகா. புதியதில் மல்லிகா சுப்பையா. இரண்டும் ஒரே ஆள்தான் என்று விசா ஆபீசில் நிரூபிக்கச் சொன்னார்கள். நான் கொடுத்த உறுதிப் பத்திரம் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கொண்டுபோனால் ஏதோ ஒரு கையெழுத்து இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் கேட்டேன்: "அப்பா பேரு முன்னால வந்தா என்ன, பின்னால வந்தா என்னம்மா? ரெண்டும் எங்க அப்பாதான்." அவள் தமிழ்ப் பெண் இல்லை. ஆத்திரத்தில் தமிழில் கேட்டுவிட்டேன். அவள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பி, கோட்டைக்கூடக் கழற்றாமல் சங்கரைக் கூப்பிட்டேன். அவன் போனை அம்மா முகத்துக்கு நேரே பிடித்தான். கன்னம் ஒட்டிப்போய், வேறு யாரோ மாதிரி இருந்தாள். மூச்சு வாங்கியது.

"வேலு சார் லீவு தரலையாக்கும்?" என்றாள்.

"இல்லம்மா. பேப்பரு வரல. வந்த உடனே ஏறிருவேன்."

"அவரையும் சொல்லிக் குத்தமில்ல. அவருக்கும் மேல ஆள் இருப்பான்ல." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவர்ட்ட சண்டை கிண்டை போட்டு வேலைய விட்டுறாத. என்ன?"

"இல்லம்மா."

"சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. அதுதான் கடைசிப் பேச்சு.

விசா கைக்கு வந்தபோது அம்மாவை எடுத்தாகிவிட்டது. சங்கர் போனில் சொன்னபோது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கதிர் மாடியிலிருந்து இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் வந்து நின்று, "அம்மாச்சியத் தேடுது," என்றான். ஒரு பிழையும் இல்லாமல் சொன்னான்.

6

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மதுரையிலிருந்து வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்ததும், வழக்கம் போல 'அம்மா, புத்தூர் தாண்டிட்டோம்' என்று சொல்வதற்காகப் போனை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது.

வாசலில் இறங்கும்போது எனக்கு ஒரே பயம். பெற்ற தாய்க்கு வாய்க்கரிசி போட வராத மகளை ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? எவளாவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்று விமானம் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். பெயர் முன்பின்னாக இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்ப முடியவில்லை.

தேவதானத்துப் பெரியம்மாதான் முதலில் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அந்த வேலுப் பய வெளங்குவானா? பெத்தவ கெடையில கெடக்கா, ஒரு எட்டு அனுப்பி வைக்க மாட்டானா? அவன் வீட்டுல சாவே விழாதா?"

இன்னொருத்தி, "சம்பளத்தக் குடுத்தா ஆளையே வெலைக்கு வாங்கிட்டானா அவன்?" என்றாள். பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி அக்கா வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். அம்மாவுக்கு நாற்பது வருஷச் சிநேகிதி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மனுஷனுக்கு அம்மா லேதா, இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அழுதாள்.

என்னை ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாவம், அது என்ன செய்யும்? அவன் விட்டாத்தான?" என்று ஆளாளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், தலையைக் கோதிவிட்டார்கள். இல்லாத ஒருவர் மேல் விழுந்துகொண்டிருந்த அத்தனை ஏச்சையும் கேட்டுக்கொண்டு நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். தடுக்கவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

காரியம் முடிந்து சனம் கலைந்ததும் மாடி அறைக்குப் போனேன். கட்டிலில் துவைத்த விரிப்பு. சங்கர் பின்னாலேயே வந்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தான்.

"இப்பிடித் திட்டுறாகளேடா," என்றேன். "அம்மா எல்லாருட்டயும் அப்பிடியா சொல்லி வச்சிருந்துச்சு?"

"கடைசி வாரம் பாக்க வந்த அம்புட்டுப் பேருட்டயும் சொல்லுச்சு. மூச்சு விட முடியாதப்பவும் சொல்லுச்சு, வேலு சார் விடலைன்னு." அவன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எக்கா, அம்மாவுக்குத் தெரியும்."

"என்னது?"

"வேலு இல்லைன்னு. இந்த ரூமுக்கு சென்ட்ரிங் பலக அடிக்கும்போதே நான் சொல்லிட்டேன். வாயி நிக்கலக்கா."

"பொறவு எதுக்குடா நான் வந்தப்பல்லாம் காராச்சேவு குடுத்து விட்டுச்சு?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'வீட்டுக்குன்னு குடுத்தா அவ ஒரு வாயி திங்க மாட்டா, மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் வச்சிருவா, வேலுக்குன்னு குடுத்தாத்தான் ஆபீசுல வச்சு அவளே திம்பா'ன்னுச்சு."

அவனே தொடர்ந்தான்.

"இல்லாத ஆள எதுக்கும்மா இழுத்துக்கிட்டுத் திரியிறன்னு கேட்டேன். இருந்துட்டுப் போறான்டான்னுச்சு. 'நாளப்பின்ன எனக்கு ஒண்ணுன்னு ஆகி, அவ வர முடியாமப் போச்சுன்னா, ஊரு யாரையாவது ஏசத்தான செய்யும். எம்பிள்ளைய ஏசாம அவன ஏசட்டும்'னுச்சு."

அம்மா போன செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு அழுகை சரியாக வரவே இல்லை. அன்றைக்குத்தான் வந்தது. சங்கர் எழுந்து போகவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனும் அழுதான்.

எனக்குத் தொழில்புத்தி போகாது. அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது அந்த இரண்டு சொல் தானாக வந்தது. வேலு பழி தாங்கும். எதையும் தாங்கவில்லை என்று சொல்லி முகப்பிலிருந்து இரண்டு தூணை எடுக்கச் சொன்னவள் நான். வேலுவையும் யாராவது பிளானில் போட்டுக் காட்டியிருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். மில்லில் மேஸ்திரியை வைத்து எத்தனையோ உறவுகளை முறியாமல் காப்பாற்றியவள், எனக்கும் ஒரு மேஸ்திரியை ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாள்.

7

போன வாரக் கூட்டத்துக்குத் திரும்பி வருகிறேன். இடைவேளை முடிந்ததும், அந்தப் பள்ளிக்கூரையின் பயனைத் தப்பாக எழுதிவிட்டோம் என்று சொன்னேன். அது மழை தடுப்பதற்காக இல்லை, ஆள் காத்திருப்பதற்காக. அதைக் குடை செய்யாது என்றேன். ஏற்கெனவே முடிந்த விஷயத்தை எதற்கு இழுக்கிறாய் என்பது போலப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று குறித்துக்கொண்டார்கள். பேசுவார்களா என்பது எனக்குத் தெரியாது.

திதி வருகிற வாரத்தில் எனக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கூட்டம் இருக்கிறது. வேறு ஆளை அனுப்பச் சொல்லி மேலாளரிடம் போய் நின்றேன். அவர் சிவப்புத் தலைமுடியும் தொப்பையுமாக நல்ல மனுஷர். எத்தனை நாள் வேண்டும் என்று மட்டும் கேட்டார். கேட்டால் கொடுத்துவிடுகிற ஆள் அவர், எப்போதுமே அப்படித்தான். கதிரிடம் சொன்னேன். பரீட்சை இருக்கிறது என்பான் என்று நினைத்தேன். "வாரேன்," என்றான்.

அலுவலகத்திலிருந்து வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் தூறலில் நின்றபடி சங்கரைக் கூப்பிட்டேன். ஊரில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும், பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஐயர்ட்ட சொல்லிரு. நான் வாரேன். கதிரும் வாரான்."

"நெசமாவாக்கா? மாடி ரூமக் கழுவி விடச் சொல்றேன்." அவன் குரல் மாறிவிட்டது. "பெரியம்மாட்டயும் சொல்லிருறேன். அது தெனமும் கேட்டுக்கிட்டே இருக்கு."

"எல்லாருட்டயும் சொல்லு. இந்தத் தடவை வேலு சார் லீவு குடுத்துட்டாருன்னு."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மோட்டாரை யாரோ அணைத்தார்கள்.

"அம்மா இருக்கும்போதே குடுத்திருக்கலாம்ல அந்த ஆளு," என்றான்.

"ஆமாடா," என்றேன். "குடுத்திருக்கலாம்."